இரண்டு வருஷமாக இரைச்சல் போட்டுத் தூங்குகிறேன்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சாலையோர வீடு. நடுராத்திரியிலும் லாரிக்காரர்கள் ஏர்ஹாரன் அடிப்பார்கள். தூக்கம் கெட்டுக் கெட்டுத்தான் போனில் மழைச் சத்தம் போட ஆரம்பித்தேன்.

முதல் நாளே அடுத்த அறையிலிருந்து அம்மா, "ஏல, மழை பெய்யுதுல்லா, மாடில கெடக்க துணிய எடுத்தியா?" என்றாள். அதுகூடப் பரவாயில்லை. அந்த மழைக்குள் ஒரு தவளை இருந்தது. ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஓடுவதால், அதே இடத்தில் அதே மாதிரி கத்தும். ஒருமுறை கவனித்துவிட்டால் போச்சு, அடுத்த கத்தலுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அப்புறம் நம்ம ஊர்ச் சத்தமே இருக்கட்டும் என்று கல்லிடைக்குறிச்சி படித்துறையில் உட்கார்ந்து தாமிரபரணியைப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் ஆறு எங்கோ பின்னால் ஓடுகிறது. முன்னால் துணி துவைக்கிற சத்தம், யாரோ மருமகளைப் பற்றிக் குறைபாடுகிறார்கள். கதை எப்படி முடிந்தது என்று தெரியாமல் எப்படித் தூங்குவது? நீலாம்பரி நாதஸ்வரமும் அப்படித்தான். தூங்கவைக்கிற ராகம் என்பார்கள், என் மனசு அடுத்த சங்கதிக்குப் பின்னாலேயே போய்விடுகிறது.

கடைசியில் நிலைத்தது பிரவுன் நாய்ஸ் என்கிற, ஒரே சீராக ஓடும் கனமான இரைச்சல். பிரவுன் என்பது இங்கே நிறமல்ல, ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளரின் பெயர். ஒயிட் நாய்ஸில் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு ஆற்றல், காதில் 'உஸ்ஸ்' என்று குத்தும். பிரவுனில் அதிர்வெண் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறைவதால் கீச்சு அடங்கிவிடும். குற்றாலம் பேரருவியைத் தள்ளி நின்று கேட்கிற மாதிரி இருக்கும். லாரி நின்றுவிடவில்லை. ஆனால் அமைதிக்கும் ஹாரனுக்கும் நடுவே இருந்த பெரிய எகிறல் குறைந்ததால் திடுக்கிடுவதில்லை.

போன் ஸ்பீக்கரில் இந்தக் கனம் வராது. புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். அது ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, சார்ஜ் தீர்ந்துவிட்டதென்று பெண் குரலில் அறிவிப்புக் கொடுத்தது! இப்போது சார்ஜரோடு சேர்த்துக் கால்மாட்டில், ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன், சத்தத்தைக் குறைத்தே. டைமர் எனக்குச் சரிப்படவில்லை. இரைச்சல் நின்றதும் முழிப்பு வந்துவிடுகிறது.

உண்மையைச் சொன்னால், கோடையில் இது எதுவும் வேண்டாம், மின்விசிறியே போதும். அமெரிக்காவில் 1962இல் விற்பனைக்கு வந்த தூக்க ஒலிக் கருவியே பெட்டிக்குள் வைத்த சிறு விசிறிதான். விசிறியை நிறுத்துகிற மார்கழியில்தான் ஸ்பீக்கருக்கு வேலை. அதுவும் விடிகாலை நாலரை வரைதான். கோயில் குழாய் பாட ஆரம்பித்தால் என் பேரருவி எடுபடாது.