மெழுகுப் பொம்மையா, நிஜப் பேயா?

கிருஷ்ணகிரிப் பக்கத்து ராயக்கோட்டை மலைக்கோட்டையை வைத்து ஒரு கோதிக் கதை (பழைய கோட்டையும் பழைய பாவமும் பேய்ப் பயமும் கலந்த கதை) எழுத உட்கார்ந்தால், முதல் பக்கத்துக்கு முன்னாலேயே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: கடைசியில் பேய் உண்டா, இல்லையா?

இந்த வகைக் கதைக்கான தட்டுமுட்டுச் சாமான்களை, இத்தாலியில் நடக்கும் 'ஒட்ராண்டோ கோட்டை' நாவலில் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1764-லேயே இறக்கி வைத்துவிட்டார். கோட்டை, சுரங்க வழி, துரத்தப்படும் பெண், தாத்தா அபகரித்த சொத்துக்குப் பேரன் கட்டும் வட்டி. (இந்தக் கடைசிச் சரக்குக்கு இத்தாலி வரை போக வேண்டாம், கிருஷ்ணகிரி கோர்ட் வாசலில் நிற்கும் பங்காளிகள் போதும்.) பின்னால் வந்த இருவர் இதே சாமான்களை நேரெதிராகப் புழங்கினார்கள்.

ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடோல்ஃபோ' நாவல் வெளிவந்தது 1794-ல். பாராமகால் என்று அப்போது பேர் பெற்ற நம் கிருஷ்ணகிரிச் சீமை கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்குப் போய் இரண்டே வருடம். நம் கோட்டைகள் நிஜமாகவே விழுந்துகொண்டிருந்த காலம். இத்தாலியைப் பார்க்காமலேயே இத்தாலி மலைக்கோட்டையை எழுதியவர் அவர். நாயகி எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்குகிறாள், மயங்கி விழுகிறாள். அங்கே என்ன இருந்தது? சொல்ல மாட்டார். நூற்றுக்கணக்கான பக்கம் கழித்துத்தான், அது அழுகிய பிணம்போலச் செய்த மெழுகு உருவம் என்கிறார். அத்தனை நாள் மூச்சைப் பிடித்திருந்தவனுக்கு எரிச்சல்தான் வரும். எனக்கு வந்தது.

மாத்யூ லூயிஸ் வேறு ரகம். 1796-ல் அவருடைய 'துறவி' நாவல் வெளியானபோது வயது இருபது. அதில் ஒருத்தி, ரத்தம் வடியும் கன்னியாஸ்திரிப் பேய்போல வேஷம் போட்டுக் காதலனோடு ஓடத் திட்டமிடுகிறாள். அவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது நிஜப் பேயை! இந்த ஒரு திருப்பத்துக்காகவே அவரை மன்னிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு, அந்தப் பேயின் எலும்பை எடுத்துப் புதைத்ததும் அது போய்விடுகிறது.

நம் பக்கத்தில் லூயிஸ் தோற்பது இங்கேதான். மாந்தோப்புக் காவலுக்குப் போன எவரைக் கேட்டாலும் முனி நடமாட்டத்தைச் சொல்வார். சொல்லிவிட்டு, "ஒரு சுருட்டு வெச்சி, சேவல் அறுத்தா சரியாப் போயிடும்" என்பார். பரிகாரம் தெரிந்த பேய்க்கு யார் பயப்படுவார்கள்?

ராட்கிளிஃபின் கட்டுரை ஒன்று அவர் இறந்தபின் 1826-ல் வந்தது. திகில் மனதை விரிக்கும், கோரம் அதை உறைய வைக்கும் என்று அதில் பிரிக்கிறார். அவர் கட்சிதான் நான். எங்கள் ஆயா நிலத்து ஓரத்து நடுகல்லைக் காட்டி, "வெளக்கு வெச்சப்புறம் அங்க போவாதடா" என்பாள். ஏன் என்று கேட்டால் களி கிண்டப் போய்விடுவாள். அந்தக் கல் இன்னும் எனக்குள் நிற்கிறது. ஆயாவும் ஒரு திரையைத்தான் தொங்கவிட்டாள். மெழுகுப் பொம்மையை மட்டும் கடைசிவரை காட்டவில்லை.

அப்படியே எழுதிப் பார்க்கிறேன். சிக்கல் நாயகியிடம். ராட்கிளிஃப் பெண்கள் எதற்கெடுத்தாலும் மயங்குவார்கள். என் கதையில் கோட்டைக்கு ஏறுகிறவள் காணாமல் போன வெள்ளாட்டைத் தேடிப் போகிறாள். அவளை மயங்க வைக்க என்னால் முடியவில்லை. ஆடு கிடைக்காமல் அவள் இறங்கவும் மாட்டாள்.