எங்கள் முளைக்கொட்டுக்கு வந்த இடதுகைத் தவில் செட்

இந்த வருஷம் ஆவணியில் எங்கள் தெரு காளியம்மன் முளைக்கொட்டுக்கு, அதாவது முளைப்பாரித் திருவிழாவுக்கு, மேளம் பேசுகிற பொறுப்பை என்னிடம் விட்டார்கள். திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக்கும் நடுவில் சின்ன ஊர், எழுபது தலைக்கட்டு. பதினோரு வருஷமாக நான் எந்த செட்டுக்குப் பின்னால் ஊர் ஊராகப் போகிறேன் என்பது எல்லோருக்கும் தெரியும். "நீயே போய்ப் பேசிட்டு வா தாயி" என்று நாட்டாமை சொல்லிவிட்டார். அந்த செட்டுக்குப் பேர்ப்பலகை கிடையாது. நோட்டீஸில் "நையாண்டி மேளம்" என்று மட்டும் அடிப்பார்கள். ராமநாதபுரம் பக்கம் இடதுகைத் தவில் செட் என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

மொத்தம் எட்டுப் பேர். ரெண்டு நாயனம் (நாதஸ்வரம்), ரெண்டு தவில், பம்பை, உறுமி, கிடிமுட்டி என்கிற தோல்மேளங்களும் தாளமும் ஒவ்வொன்று. மூத்த தவில்காரர் இடதுகைக்காரர். மற்றவர்கள் வலது விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு இடது கையில் குச்சி பிடிப்பார்கள். இவருக்கு எல்லாமே மாற்றி. அதனால் ரெண்டு தவிலும் எதிரும் புதிருமாக நிற்கும்போது கண்ணாடிக்கு முன்னால் ஒருத்தர் நிற்கிற மாதிரி இருக்கும்.

முதல் தடவை நான் கேட்டது 2014இல், தேவிபட்டினம் தாண்டி என் சின்ன நாத்தனார் ஊரில். அங்கேயும் முளைக்கொட்டுதான். நம் பக்கத்துப் பொம்பளைகளுக்குத் தெரியும், முளைப்பாரிக்கு விதை போட்ட நாளிலிருந்து ராத்திரி ராத்திரி சுற்றி நின்று கும்மியடித்துப் பாடுவோம். கடைசி ரெண்டு நாளுக்கு மேளம் வரும். மேளம் வந்ததும் பாட்டு செத்துப்போகும். நாயனச் சத்தத்தில் யார் பாடுகிறார்கள் என்றே தெரியாது, வாய்தான் அசையும். அன்றைக்கு ஒரு அப்பத்தா பாட்டெடுத்தது. எண்பது வயசு இருக்கும், குரல் நூல் மாதிரி. இடதுகைக்காரர் குச்சியைத் தூக்கிக் காட்டினார். நாயனம் ரெண்டும் நின்றது. உறுமி நின்றது. பம்பை மட்டும் அந்தக் கிழவி அடி எடுத்து வைக்கிற இடத்தில் ஒன்று, கை தட்டுகிற இடத்தில் ஒன்று என்று போட்டது. நாலு வரி முடிந்ததும் நாயனம் அதே மெட்டைத் திருப்பி வாசித்தது, கிழவி எங்கே மூச்சு வாங்கியதோ அங்கேயே மூச்சு வாங்கி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மறுநாள் கிளம்ப வேண்டியவள் இன்னும் ஒரு ராத்திரி இருந்து கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அதுக்கப்புறம் மண்டபம் பக்கம், தொண்டி பக்கம், சாயல்குடியைத் தாண்டி மாரியூர்க் கடற்கரை வரைக்கும் போயிருக்கிறேன். தையல் கடையை ஒருநாள் பூட்டினால் மறுநாள் ராத்திரி உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக் கணக்கை நேர் செய்துவிடுவேன். ஒரு தடவை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, கோயில் திண்ணையிலேயே அந்த ஊர்ப் பொம்பளைகளோடு படுத்திருந்துவிட்டு விடியற்காலை பஸ் பிடித்து வந்தேன். மார்கழி ஆருத்ராவுக்கு மரகத நடராஜருக்குச் சந்தனம் களைகிற அந்த ஒரு நாளைக்கு உத்தரகோசமங்கைக்கு ஊரே வண்டி ஏறுகிறது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மேளம் கேட்க ஒருத்தி மாரியூர் போனால் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர் கேட்டதில்லை. மூன்றாவது வருஷத்திலிருந்து அவரே டார்ச்லைட்டை எடுத்துப் பையில் வைத்துவிடுகிறார்.

இந்த வருஷத்துக்கு வருகிறேன். ரெண்டு ராத்திரிக்கு 48,000 ரூபாய், வேன் வாடகை தனி, சாப்பாடு நம் பொறுப்பு. 5,000 முன்பணம். இதைவிடக் குறைவான செட் உண்டு, எட்டுப் பேர் என்று பேசி ஐந்து பேரை அனுப்புகிறவர்களும் உண்டு. இவர்கள் பேசினபடி எட்டுப் பேரும் வந்தார்கள். ஆனால் ஏழு மணிக்கு வர வேண்டியவர்கள் ஒன்பது மணிக்கு வந்தார்கள். டயர் பஞ்சர் என்றார்கள். அதை ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். பாரி வீட்டு வாசலில் பிள்ளைகளோடு காத்திருந்தவர்களுக்கு நான்தான் பதில் சொன்னேன். இடதுகைப் பெரியவரிடமும் சொன்னேன். "தப்புதான் தங்கச்சி" என்றார், அதோடு விட்டேன்.

வந்ததும் அடிக்க ஆரம்பிக்கவில்லை. கச்சான் காற்று ஓய்ந்து கடல் ஈரம் இறங்கியிருந்த ராத்திரி. உறுமிக்காரர் தோலைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இளகிக் கெடக்கு, ஓலை இருக்கா?" என்று கேட்டார். பனையோலைக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்? கொளுத்திப் போட்டோம். உறுமியையும் பம்பையையும் நெருப்புக்கு ஒரு முழம் மேலே பிடித்து, ரொட்டி வாட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். இடையிடையே சுண்டிப் பார்ப்பது, மறுபடி காட்டுவது. தவில் ரெண்டுக்கும் இரும்பு வளையமும் போல்ட்டும் போட்டது, ஸ்பானரால் முறுக்கிக்கொண்டார்கள். சின்ன நாயனக்காரர் நூலில் தொங்கிய சீவாளிகளில் மூன்றை எடுத்து எச்சிலில் நனைத்து ஊதிப் பார்த்து ஒன்றை மாட்டினார். அவர் கையில் இருந்தது நரசிங்கம்பேட்டையில் வாங்கிய புது நாயனம், ஆச்சா மரம். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது அந்த ஊர் நாயனத்துக்குத்தான். பெரிய நாயனக்காரருடையது பழைய திமிரி. நீளம் குறைவு, சுருதி உச்சம், திறந்த வெளியில் அரை மைல் போகும். இந்தச் சூடு காட்டுகிற வேலைக்கு அரை மணி நேரம் ஆனது. பொறுமையில்லாத ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் முதல் உறுமல் விழுந்தபோது மாட்டுக்கொட்டிலில் கட்டியிருந்த கன்றுக்குட்டி எழுந்து நின்றுவிட்டது.

முதல் ராத்திரி ஒரு சங்கடம். ஸ்பீக்கர் போட்டவர் நாயனத்துக்கு முன்னால் மைக்கை நட்டு எக்கோவையும் ஏற்றிவிட்டார். பொம்பளைகள் பாட்டு ஒரு சொல் கேட்கவில்லை. எது கேட்க நான் பதினோரு வருஷம் போனேனோ, அது என் ஊரிலேயே இல்லை. நான் போய்ச் சொல்லும் முன்னால் பெரியவரே மைக்கைப் பிடுங்கி எங்கள் கும்மி வட்டத்துக்கு நடுவில் நட்டார். "எங்களுக்கு இது வேண்டாம்ப்பா, பாடுற ஆத்தாளுக்கு வை" என்றார். என் மாமியார் பாட்டெடுத்தார். மூன்று சுற்று மெதுநடை, நாலாவது சுற்றில் வேகம் கூடும். மேளம் முந்தவும் இல்லை, இழுக்கவும் இல்லை. மாமியார் ஒரு வரியை மறந்து "தானானே" போட்டுச் சமாளித்தபோது இடதுகைக்காரர் அந்த இடத்தில் ஒரு சின்னத் தீர்மானம், அதாவது முடிப்பு அடி, வைத்து, அதுவும் பாட்டுதான் என்று ஆக்கிவிட்டார். மாமியாருக்கு இப்போது ஊருக்குள் நடையே வேறு.

குறை இன்னொன்று உண்டு. ரெண்டாம் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் இளவட்டங்கள் சினிமாப் பாட்டு கேட்டார்கள். வாசித்தார்கள், ஒரு மணி நேரம். அதில் இந்த செட் சுமார்தான். சின்ன நாயனக்காரருக்குப் புதுப்பாட்டின் சரணம் கையில் நிற்கவில்லை, ரெண்டு தரம் பல்லவிக்கே திரும்பிவிட்டார். கிடிமுட்டிக்குப் புது ஆள், வேகத்தில் திணறினார். ஆட்டம் போட மேளம் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செட் இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள். பொம்பளைகள் பாடுகிற ஊருக்கு இவர்களை விட்டால் ஆளில்லை.

மூன்றாம் நாள் காலை பாரி கரைக்கப் போனோம். சேதுக்கரை வரை நடை. தலையில் முளைப்பாரி, வெயிலே படாமல் வளர்ந்த வெளிர் மஞ்சள் நாற்று, நடக்க நடக்க ஆடுகிறது. வழி நெடுக குலவை. குலவை விழும்போதெல்லாம் நாயனம் அடங்கி, முடிந்ததும் ஏறியது. கடலில் முழங்கால் அளவு இறங்கினோம். ராத்திரி ரெண்டு மணி வரை அடித்த மனிதர்கள், உப்புத் தண்ணீர் பட்டால் தோல் போய்விடும் என்பதால் அலை தொடாத மேட்டில் வரிசையாக நின்றார்கள். எங்கள் தெருவில் அறுபத்துமூன்று பாரி. ஒவ்வொன்றும் கவிழும் வரை கண்ணால் எண்ணிக்கொண்டே அடித்தார் இடதுகைக்காரர். கடைசியில் என் மகள் கையிலிருந்த சின்னப் பாரி. அவள் அலைக்குப் பயந்து தயங்கி நின்றாள், பம்பை மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கவிழ்த்தபிறகுதான் முடிப்பு வைத்தார். விரல் கூட்டை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது பார்த்தேன், நடுவிரல் கூட்டின் துணி பிய்ந்து உள்ளே நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது.

கூப்பிட நினைக்கிறவர்கள் ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், ஆடி ஆவணிச் செவ்வாய்கள் சீக்கிரம் போய்விடும். எட்டுப் பேர் என்பதை நோட்டில் எழுதி வாங்குங்கள். மைக்கை எங்கே நடுவது என்று ஸ்பீக்கர்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்ந்த பனையோலை ஒரு கட்டு தயாராக இருக்கட்டும். வருகிற செவ்வாய் தொண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் அடிக்கிறார்கள். நானும் மாமியாரும் மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். மாமியார் போன தடவை மறந்த வரியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.