தோட்ட ரயிலுக்கு மின்சாரம்: தண்டவாளம் வழியாகவா, எஞ்சினுக்குள் பேட்டரியா?

வெளியில் போட்ட மாடல் ரயில் பாதி வட்டத்தில் திணறினால் முதல் பழி பவர் சப்ளை மேல்தான் விழும். 3 ஆம்பியரைத் தூக்கிவிட்டு 10 ஆம்பியர் வாங்கி வைப்பார்கள். ரயில் அதே இடத்தில் அதே மாதிரி திணறும். பெரும்பாலும் கோளாறு இருப்பது தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில். அதனால் முதலில் இணைப்புகளை எண்ணுங்கள், பிறகு எஞ்சின்களை எண்ணுங்கள். எந்த முறை சரி என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

45 மி.மீ. கேஜில் (இரு தண்டவாளங்களுக்கும் உள்ள இடைவெளி), 30 செ.மீ. துண்டுகளால் 20 மீட்டர் வட்டம் போட்டால் ஒரு தண்டவாளத்துக்கு சுமார் 66 இணைப்பு, இரண்டுக்கும் சேர்த்து 130-க்கு மேல். மழையும் தூசியும் புகுந்து ஒவ்வொன்றும் 0.02 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால் எதிர்ப்புறத்தில் 3 ஆம்பியருக்கு சுமார் 2 வோல்ட் போய்விடும். ஃபீடர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர்) பக்கத்தில் ஒரே ஒரு இணைப்பு முழுக்க அற்றுப்போனாலும் கதை மோசம்: மின்சாரம் வட்டத்தைச் சுற்றி ஒரே வழியாக வர வேண்டியிருக்கும்.

தண்டவாளம் வழியாகத்தான் என்றால் மூன்று வேலை. செருகும் ஜாயினருக்குப் பதில் திருகி இறுக்கும் கிளாம்ப் போட்டு, உள்ளே மின்கடத்தும் பேஸ்ட் தடவுங்கள். 5 அல்லது 6 மீட்டருக்கு ஒரு ஃபீடர் கொடுங்கள். மெயின் கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்: 20 மீட்டர் தள்ளி 3 ஆம்பியர் கொண்டுபோக 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் போக வர 0.8 வோல்ட் இழப்பு, 0.75-இல் 2.8 வோல்ட். எல்லா இணைப்பையும் அசையாமல் சால்டர் வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். 20 மீட்டர் பித்தளை, 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 15 மி.மீ. நீளும், நேர்ப்பாதையில் இடம் விடாவிட்டால் தண்டவாளம் வளைந்து எழும்பும். சால்டர்தான் வேண்டுமென்றால் இணைப்பைத் தாண்டி ஒரு வளையும் ஜம்பர் ஒயர் போதும். பித்தளைத் தண்டவாளம் சூட்டை இழுத்துக்கொள்ளும், சின்ன அயர்ன் அதற்குத் தாங்காது.

உலோகத்தில் பித்தளையே நல்லது. மேலே கருக்கும், ஓட்டுமுன் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கருக்காது. ஆனால் மின்கடத்தல் பித்தளையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், ஃபீடரை நெருக்கமாக வைக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். அது பேட்டரி ரயிலுக்கு மட்டும்.

சாதா டி.சி.யில் மெதுவாக ஓட்டும்போது தண்டவாளத்தில் 5, 6 வோல்ட்தான் இருக்கும். கொஞ்சம் அழுக்கு போதும், நின்றுவிடும். டி.சி.சி.யில், அதாவது எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறையில், எப்போதும் முழு 18 முதல் 22 வோல்ட் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. எஞ்சினுக்குள் அந்தக் கட்டளையை வாங்கும் டிகோடருக்குப் பக்கத்தில், கொஞ்சம் மின்சாரம் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர் பஃபர் வைத்தால் அழுக்கான இடத்தை ஒரு நொடி தாண்டிவிடும். ஆபத்து வேறு இடத்தில். ஃபீடரிலிருந்து தொலைவில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே டிரிப் ஆக வேண்டும். பாதையில் 2 ஓம் தடை இருந்தால் 20 வோல்ட்டில் 10 ஆம்பியர்தான் ஓடும். 10 ஆம்பியர் பூஸ்டர் அதை ஷார்ட் என்றே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். 200 வாட் சூடு இணைப்புகளில் இறங்கி தண்டவாளத்துக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் ஸ்லீப்பரை உருக்கும். இதற்காகவே தேவைக்கு மேல் பெரிய பூஸ்டர் வேண்டாம் என்பது.

பேட்டரியில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. 4 லித்தியம்-அயான் செல் தொடராக, 14.8 வோல்ட், 3.4 ஆம்பியர்-மணி, எஞ்சின் சராசரியாக 1.2 ஆம்பியர் இழுத்தால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். செல்லை அதிகச் சார்ஜிலிருந்தும் ஷார்ட்டிலிருந்தும் காக்கும் பாதுகாப்பு போர்டு கட்டாயம். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ். வெயிலில் கொதித்த எஞ்சினை உடனே சார்ஜில் போடாதீர்கள், செல் 45 டிகிரிக்குக் கீழே வரட்டும். 24 வோல்ட்டுக்கு அமைந்த எஞ்சின் இதில் உச்ச வேகத்தைத் தொடாது. 5 செல் போட்டால் கொஞ்சம் கிடைக்கும். சில வருடங்களில் செல்லை மாற்றும் செலவு எஞ்சினுக்கு எஞ்சின் வரும். பத்து எஞ்சின் வைத்திருப்பவருக்கு இதுதான் இடிக்கும்.

ஆக, பாதை நீளம், மரநிழலில் இலையும் பிசினும் விழும், எஞ்சின் இரண்டு மூன்று: பேட்டரி, யோசிக்கவே வேண்டாம். பாதை சின்னது, எஞ்சின் நிறைய, பெட்டிகளில் விளக்கு எரிய வேண்டும்: கிளாம்ப் போட்டு டி.சி.சி. வெறும் டி.சி. ஒரே ரயில் சுற்றும் சின்ன வட்டத்துக்குச் சரி. தண்டவாள முறை எதுவானாலும் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் கூரைக்கு உள்ளேயே இருக்கட்டும். வெளியே போவது குறைந்த வோல்ட்டேஜ் ஒயர் மட்டும்.

இரண்டையும் கலந்து ஓட்டுவதானால், பேட்டரி எஞ்சினின் சக்கரத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் பழைய பிக்கப் ஒயர்களை வெட்டி, முனைகளைத் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூடுங்கள். விட்டுவைத்தால் தண்டவாள மின்சாரம் நேராக, பேட்டரியிலிருந்து மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலருக்குள் ஏறி அதை எரித்துவிடும்.