மரியா கல்லாஸின் 1953 ‘டோஸ்கா’: எந்தப் பதிப்பை வாங்குவது?

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘டோஸ்கா’ என்ற ஓபராவை (பாடியே நடிக்கும் இசை நாடகத்தை) 1953 ஆகஸ்டில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் இ.எம்.ஐ. நிறுவனம் பதிவு செய்தது. கதைநாயகி டோஸ்காவாகப் புகழ்பெற்ற ஓபராப் பாடகி மரியா கல்லாஸ், அவளுடைய காதலன் கவரதோஸியாக டி ஸ்டெஃபனோ, கொடுங்கோல் போலீஸ் தலைவன் ஸ்கார்பியாவாக டிட்டோ கோபி ஆகியோர் பாட, விக்டர் டி சபாதா இசைக்குழுவை நடத்திய அந்தப் பதிவுக்கு ஈடாக இன்னொரு ‘டோஸ்கா’ வரவில்லை என்பதே என் எண்ணம். இ.எம்.ஐ.யின் செவ்வியல் இசைச் சொத்து 2013இல் வார்னர் இசை நிறுவனத்திடம் சேர்ந்தது. அடுத்த ஆண்டே, மூல நாடாக்களை லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோவில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர் டிஜிட்டல் தரத்துக்கு மாற்றி, இது புதிய பதிப்பாக வந்தது.

மறுவெளியீட்டை எடைபோட உரத்த இடங்களை விட மெல்லிய இடங்களே உதவும். இரண்டாம் அங்கத்தின் முடிவில், ஸ்கார்பியாவைக் குத்திக் கொன்ற டோஸ்கா, ‘இவன் முன்னால்தான் ரோம் நகரமே நடுங்கியது’ என்று சொல்கிறாள். கல்லாஸ் அதை ஏறக்குறைய ஒரே சுரத்தில், பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட கீழ்க்குரலில் சொல்லி முடிக்கிறார். நாடா இரைச்சலை முழுக்கத் துடைக்க முயன்றால் அந்த வரியைச் சுற்றியுள்ள மூச்சும் அரங்கின் காற்றும் சேர்ந்தே போய்விடும். 2014 பதிப்பில் இரைச்சல் சற்று இருக்கிறது; இருக்கவும் வேண்டும். முந்தைய குறுந்தகட்டில் பின்தள்ளி ஒலித்த குரல் இதில் முன்னே வந்து, சொல்லின் மெய்யெழுத்துகள்கூடத் தெளிவாகக் கேட்கின்றன. அதற்கு விலையாக, உச்ச ஸ்தாயியில் ஒரு கூர்மை கூடியிருக்கிறது. ஹெட்போனில் கேட்பவர்கள் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

முதல் அங்கத்தை முடிக்கும் ‘தே தேயும்’ என்ற தேவாலயத் துதிப்பாடல் காட்சியில் மணியோசை, பீரங்கி முழக்கம், ஆர்கன், பெரும் சேர்ந்திசை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது ஒற்றைத் தடத்தில் பதிந்த மோனோ நாடா திணறுவதை எந்த ரீமாஸ்டரிங்கும் (ஒலிச் சீரமைப்பும்) சரிசெய்துவிட முடியாது. ஆனால், அந்த நெரிசலுக்குள்ளும் கோபியின் சாரீரம் தனித்துக் கேட்கிறது. தயாரிப்பாளர் வால்டர் லெக் கோபியை முதல் அங்கத்துப் பகுதிகளை முப்பது முறை பாட வைத்தார் என்று சொல்லப்படுவது மிகையாக இருந்தாலும், அந்த உழைப்பு ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது. டி சபாதா ஸ்டூடியோவுக்கு அரிதாகவே வந்தவர் என்பதால், இசைக்குழுவை அவர் இறுக்கியும் தளர்த்தியும் நடத்தும் விதத்துக்காகவே இந்தப் பதிவைத் தனியாக ஒருமுறை கேட்கலாம்.

ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பாவில் அப்போதிருந்த ஐம்பது ஆண்டு உரிமைக்காலம் முடிந்ததும், பழைய பதிவுகளை மீட்டெடுக்கும் ஒலிப்பொறியாளர் மார்க் ஓபர்ட்-தார்ன் பழைய எல்.பி. தட்டுகளிலிருந்து எடுத்த பிரதியை நாக்ஸோஸ் நிறுவனம் வெளியிட்டது. அதில் குரலின் வெப்பம் அதிகம், நுணுக்கம் குறைவு. மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

நேரடிப் பதிவு வேண்டுமென்பவர்களுக்கு 1964 ஜனவரியில் லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் சில்லாரியோ இசைக்குழுவை நடத்த, கல்லாஸும் கோபியும் பாடிய நிகழ்ச்சி இருக்கிறது. வார்னரின் 2017 நேரடிப் பதிவுத் தொகுப்பில் அதுவும் அடக்கம். நாற்பது வயதில் கல்லாஸின் மேல் சுரங்கள் நடுங்குகின்றன, ஒலித்தரமும் சுமார்தான். ஆயினும் இரண்டாம் அங்கத்தில் அவரும் கோபியும் ஒருவர் வரியை மற்றவர் பறிப்பதுபோல் மோதிக்கொள்ளும் வேகம் ஸ்டூடியோவில் கிடைக்காதது. முதன்முதலாக ‘டோஸ்கா’ கேட்பவர் 1953 பதிவின் 2014 பதிப்பை வாங்கட்டும். கதையும் பாத்திரங்களும் மனதில் பதிந்த பிறகு லண்டன் பதிவுக்குப் போகலாம்.