மின்படகா, டீசல் படகா?

காயலில் ஆளேற்றப் படகு வாங்குவோர் முதலில் ஓட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்.

எடை: ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல், புரொப்பல்லருக்குப் போய்ச் சேருவது 3 யூனிட்தான். அதற்கே 25–30 கிலோ லித்தியம் பேட்டரி வேண்டும்.

வேகம்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 8 மடங்கு சக்தி தேவை. பேட்டரி மளமளவென்று இறங்கும். மெதுவாக ஓட்டினால் அதே பேட்டரி நெடுநேரம் தாங்கும்.

பராமரிப்பு: டீசலுக்கு ஆயில், ஃபில்டர், இன்ஜெக்டர். மின்படகில் உப்புநீர் பட்டு ஒயர் முனைகள் பச்சை பூப்பதே பெருந்தொல்லை.

கேரளத்தின் வைக்கம்–தவணக்கடவு தடத்தில் 75 பேர் ஏறும் சூரியப் படகு 'ஆதித்யா' 2017-இல் ஓடத் தொடங்கியது. இப்படிக் குறுகிய, நிலையான தடத்துக்கு மின்சாரமே மேல். ஆழ்கடல் மீன்பிடிக்கு இப்போதைக்கு டீசல்தான்.