பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தம்பூராவைப் பின்னால் உட்கார வைக்க எந்த வழி?

எங்கள் செட்டிநாட்டு வளவு வீட்டில் என் பங்குக்கு வந்தது ஓர் அறை. அகலம் 10 அடி, நீளம் 12, உயரமும் 12. ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் வளவில், அதாவது நடு முற்றத்தில், வைத்தால் சொர்க்கம்தான். ஆனால் வளவு வீட்டின் எல்லாப் புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) பொது. ஆகவே எந்த வித்தை காட்டினாலும் இந்த நாலு சுவருக்குள்தான் காட்ட வேண்டும்.

அந்தச் சுவர்களோ சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தவை; கையை வைத்தால் வழுக்கும். தரை ஆத்தங்குடிக் கல். பட்ட ஒலியை இரண்டுமே துளிகூட வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிடும். இப்படிப்பட்ட அறையில் இசை இடம் வலமாக நன்றாகவே விரியும். முன் பின்னாகத்தான் விரியாது.

நான் ஆழம் என்று சொல்வதற்கு அளவுகோல் தம்பூரா. கச்சேரி மேடையில் வழக்கமாகப் பாடகர் நடுவில், நமக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின், பாடகருக்குப் பின்னால் தம்பூரா. கண்ணை மூடிக் கேட்கும்போது தம்பூரா பாடகரின் தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மேடை தட்டை. நாலடி தள்ளிப் பின்னால் போய் உட்கார்ந்தால் ஆழம் வந்துவிட்டது. இதற்குப் பதிவும் ஒத்துழைக்க வேண்டும். மேடைக்கு முன்னே இரண்டு மைக் வைத்து எடுத்த பதிவில் இந்தத் தூரம் இருக்கும். ஆளுக்கொரு மைக் கொடுத்து மிக்சிங் மேசையில் கலந்த பதிவில் பெரும்பாலும் இருக்காது. இல்லாததை எந்த அறையும் கொண்டுவராது.

செலவே இல்லாத வழி, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து முன்னுக்கு இழுப்பது. முதலில் என் ஸ்பீக்கர்கள் பின்சுவரிலிருந்து (ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவர்) ஒரே அடி தள்ளி நின்றன. பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலிக்கு இரண்டு மில்லி விநாடிகூடப் பிந்தாமல் வந்துவிடும். காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதோடு, சுமார் 285 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு ஒரு பள்ளம் விழும். அது ஆண் குரல் உலவுகிற இடம். 3 அடிக்கு இழுத்தபோது பின்சுவரின் எதிரொலி 5 மில்லி விநாடிக்குத் தள்ளிப்போனது. பள்ளமும் 95 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிட்டது. தம்பூரா முதல்முறையாக நகர்ந்தது அன்றைக்குத்தான். குறை என்னவென்றால் அறையில் கால்வைக்க இடமில்லை. பக்கத்துப் பங்கு ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, சாமான் இறக்கிட்டு ஒதுக்கி வைக்கலையா?" என்று கேட்டார்கள்.

இதற்குப் போட்டி, நெருங்கி உட்காருவது. என் கட்சி இதுதான், ஆகவே கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். இரண்டு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி, மூன்றுக்கும் இடையே 5 அடி என்று சமபக்க முக்கோணம் போட்டால், என் அறையில் பக்கச் சுவரில் பட்டு வரும் ஒலி நேரொலிக்குச் சுமார் 3 மில்லி விநாடி பிந்தி, தூரக் கணக்கில் ஏறக்குறைய 5 டெசிபெல் குறைந்து வரும். முக்கோணத்தை மூன்றரை அடியாகச் சுருக்கினால் அதே எதிரொலி நாலரை மில்லி விநாடி பிந்தி, 8 டெசிபெல் குறைந்து வரும். ஸ்பீக்கரின் முகத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைத்தால் இன்னும் குறையும். அதாவது, சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காமல் சுவரைத் தள்ளி வைத்தாகிவிட்டது. இதற்குச் சின்ன இருவழி ஸ்பீக்கர்தான் தோது. ஆளுயர ஸ்பீக்கரை மூன்றரை அடியில் வைத்துக் கேட்டால் மேல்சுருதிக்கான ட்வீட்டர் தனியாகவும் கீழ்ச்சுருதிக்கான வூஃபர் தனியாகவும் பேசும். மேடையும் அளவில் சிறுத்து, கோயில் மண்டபத்தைக் கொலுப்படியில் வைத்தது போல ஆகும். எனக்கு அதில் வருத்தமில்லை.

இருக்கையை நம் முதுகுப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போடாமல் இருந்தால் போதும், இந்த இரண்டு வழியும் ஒன்றோடொன்று சண்டை போடாது. ஸ்பீக்கரை 3 அடி முன்னே இழுத்து, முக்கோணத்தையும் சுருக்கினால், 12 அடி நீளத்தில் தலைக்குப் பின்னால் 6 அடி மிச்சம் இருக்கிறது.

மூன்றாவது, சுவருக்குப் பஞ்சு கட்டுவது. நகரத்து அடுக்குமாடிக்காரர்கள் முதலில் சொல்வது இதைத்தான். ராக்வூல் (பாறையிழைப் பஞ்சு) அடைத்துத் துணி போர்த்திய பலகையைப் பக்கச் சுவர்களில் முதல் எதிரொலி விழும் இடத்தில் வைத்தால் பலன் நிச்சயம். இடம் கண்டுபிடிக்க ஒருவர் கண்ணாடியைச் சுவரோரமாக நகர்த்தட்டும்; நாற்காலியிலிருந்து ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் பலகை. ஆனால் நம் பூச்சில் ஆணி இறக்க மனசு வருமா? நான் காலோடு நிற்கிற சட்டம் செய்து, பழைய கண்டாங்கிச் சேலையைப் போர்த்தினேன். 2 அங்குலத்தில் செய்தது தப்பு. அது மேல்சுருதிகளை மட்டும் தின்றுவிட்டு, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தொடவில்லை. வயலின் மங்கி, மிருதங்கத்தின் தொப்பி (கீழ்ச்சுருதிப் பக்கம்) மட்டும் கொழுத்தது. 4 அங்குலமாக்கி, சுவருக்கும் அதற்கும் நடுவே இன்னொரு 4 அங்குலம் காற்று விட்டபிறகுதான் சரியானது. முட்டை அட்டை ஒட்டலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். முட்டை பூசிய சுவரில் மறுபடி முட்டை அட்டையா! அதில் ஒலி தடுக்க ஒன்றும் இல்லை.

டிஎஸ்பி (கணினிக் கணக்கால் ஒலியைத் திருத்துவது) கட்சிக்காரர்கள் மைக்கும் மென்பொருளும் ஆழத்தையே கொண்டுவரும் என்பார்கள். பாதி உண்மை. என் அறையில் நீளமும் உயரமும் ஒரே அளவு என்பதால் 48 ஹெர்ட்ஸில் இரண்டு அதிர்வும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. அலமாரியில் இருந்த சீர் எனாமல் தூக்குகள் கிணுகிணுத்தே அதைக் காட்டிக்கொடுத்தன. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்து அந்த மேட்டை வெட்டியதும், பேஸ் (கீழ்ச்சுருதி ஒலி) மூடி வைத்திருந்த, பதிவு எடுத்த மண்டபத்தின் மெல்லிய அதிர்வொலி மேலே வந்தது. ஆழமும் கொஞ்சம் கூடியது. ஆனால் பள்ளத்தை இதால் நிரப்ப முடியாது. சுவரில் பட்டுப் பிந்தி வருவதை நிறுத்தவும் முடியாது. கடைசியில் செய்ய வேண்டிய வேலை இது.

ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் கம்பி மாற்றுவது பற்றி ஒரே வரி: தம்பூரா அசையவில்லை.

வளவு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கர்களுக்கு நடுவே, பின்பக்கம், வளவைப் பார்த்த கதவு வருமாறு அறையைத் திருப்பிப் போட்டேன். இரட்டைக் கதவையும் திறந்துவிட்டால் நடுவில் சுவரே இல்லை. பேஸும் அந்த வழியாகக் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. பலகைகளைவிட இதில் கிடைத்த ஆழம் அதிகம். விலை, காக்கைச் சத்தமும், வளவில் வற்றல் காயப்போடுகிறவர்கள் நம் ரசனையைப் பற்றிச் சொல்லும் கருத்தும். பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டுமே இருக்காது.

இப்போது நிரந்தரமாக இருப்பது 3 அடி இழுப்பு, மூன்றரை அடி முக்கோணம், திறந்த கதவு. கண்டாங்கிப் பலகைகள் பக்கச் சுவரோரம் நிற்கின்றன, வேண்டாத நாளில் பட்டாலைக்கு (வீட்டுக் கூடத்துக்கு) போய்விடும். பெருக்க வருகிறவர் ஸ்பீக்கரை நகர்த்திவிட்டால் டேப் எடுத்து அளப்பதில்லை. என் தரையில் பதித்திருப்பது 8 அங்குலக் கல். சுவரிலிருந்து நாலரைக் கல், பூவின் நடுவில்.