பள்ளி வயதுச் சிறுமிகள்: இந்தியாவில் எத்தனை, சீனாவில் எத்தனை?

5 முதல் 14 வயது வரையிலான சிறுமிகள் இந்தியாவில் சுமார் 12.4 கோடி, சீனாவில் சுமார் 8.2 கோடி. இந்தியாதான் முன்னால் என்று சொல்லி எழுந்துவிடலாம்தான். ஆனால் முதல் எண் 2011 கணக்கெடுப்பில் வந்தது, இரண்டாவது 2020இல் வந்தது. நடுவில் ஒன்பது வருடம். முதல் எண்ணில் இருந்த சிறுமிகளில் பத்தில் ஒன்பது பேர் அதற்குள் அந்த வயதைத் தாண்டியிருப்பார்கள்.

சரி, வருடத்தை விடுங்கள். வயதையே எப்படிக் கேட்டு எழுதினார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். இந்தியாவில் கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, “பொண்ணுக்கு என்ன வயசு?” என்கிறார். பிறந்த தேதி சட்டென்று நினைவில் இல்லாத வீட்டில் “ஒரு பத்து இருக்கும்” என்று பதில் வரும். அதனால் 5, 10, 15 என்ற வயதுகளில் ஆட்கள் குவிந்துகிடப்பார்கள், 9க்கும் 11க்கும் ஆள் குறையும். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் சொல்லும் வயது 6 முதல் 14. அதன் இரண்டு ஓரங்களையும் ஒட்டியே 5, 15 என்ற குவியல்கள் நிற்கின்றன. உண்மையில் ஆறு வயதானவள் ‘ஐந்து’ என்று எழுதப்பட்டால் அந்த 6–14 கணக்குக்கு வெளியே போய்விடுகிறாள்.

சீனாவில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு விலங்கின் பெயர் உண்டு. வயது மறந்தாலும், பிறந்தது புலி ஆண்டா முயல் ஆண்டா என்பது வீட்டில் யாருக்கும் மறக்காது. பன்னிரண்டு விலங்குகள் சுற்றி வருவதால் வயதைச் சரியாகக் கண்டுபிடித்துவிடலாம்.

அங்கே சிக்கல் வேறு. ஒரு குழந்தைக் கொள்கைக் காலத்தில், அபராதத்துக்குப் பயந்து பல குடும்பங்கள் பெண் குழந்தையைப் பதியாமலே வளர்த்தன. கைக்குழந்தையாகக் கணக்கில் இல்லாதவள் அடுத்த கணக்கெடுப்பில் மாணவியாக வந்து நிற்பாள். 2010இல் குடும்பப் பதிவே இல்லாதவர்கள் சுமார் 1.3 கோடிப் பேர். அவர்களைப் பதியச் சொல்லி 2016 ஜனவரியில்தான் உத்தரவு வந்தது. வயதைப் பொறுத்தவரை சீனக் கணக்கை நம்புவேன். தலைகளின் எண்ணிக்கையில், அதுவும் பழைய கணக்கெடுப்புகளில், அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பையன்களோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டு நாட்டுக்கும் பெருமையில்லை. அதே 5–14 வயதில் 100 சிறுமிகளுக்குச் சீனாவில் சுமார் 114 சிறுவர்கள், இந்தியாவில் 109 அல்லது 110. இயற்கையாகப் பிறப்பது 105 வாக்கில். கருவிலேயே பாலினம் பார்ப்பதை இரண்டு நாடும் தடைசெய்திருக்கின்றன, இந்தியாவில் 1994லேயே சட்டம் வந்துவிட்டது.

இனி நடக்கப்போவதில்தான் பெரிய வித்தியாசம். சீனாவில் 2016இல் 1.78 கோடிக்கு மேல் பிறந்தார்கள், 2023இல் வெறும் 90 லட்சம். அந்த ஒரே வருடத்தில் அங்கே 14,800க்கும் மேற்பட்ட மழலையர் பள்ளிகள் குறைந்துபோயின. 2023இல் பிறந்த சிறுமிகள் 2029இல் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது சீனாவில் 45 லட்சத்தைத் தொடமாட்டார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடிப் பிறப்பு, அதில் பெண் குழந்தைகள் மட்டுமே ஒரு கோடியைத் தாண்டும்.

ஆனால் அவர்களை யாரும் இன்னும் தலை எண்ணிப் பார்க்கவில்லை. 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு வந்திருக்கிறது. அதில் 6 முதல் 14 வயதுக்குள் எண்ணப்படப்போகும் ஒரு சிறுமிகூட 2011இல் பிறந்திருக்கவில்லை.